எள்ளுருண்டையா, மாத்திரையா?

கேள்வி கேட்டவர் சுங்கை சிப்புட்டில் இருக்கும் ஒரு தாய். மகனுக்கு ஒன்பது வயது, தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. வாரத்தில் நாலைந்து இரவு இன்னும் படுக்கையை நனைத்துவிடுகிறான். கிளினிக்கில் டெஸ்மோபிரசின் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மாமியாரோ, "சின்னப் பிள்ளைக்கு எதுக்கு இங்கிலீஷ் மருந்து?" என்று நாட்டு மருந்துக் கடையில் பொடி வாங்கி, தினமும் இரவு கஷாயம் வைத்துக் கொடுக்கிறார். கூடவே ஓர் எள்ளுருண்டை. பக்கத்து வீட்டுச் சீன அம்மா, சீன வைத்தியரான ஒரு சின்சேயிடம் போகச் சொல்கிறார். "அண்ணே, எது நல்லது? இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாமா? பள்ளி விடுமுறையில் மூன்று இரவு சமய முகாம் வேறு வருகிறது" என்று கேட்டிருக்கிறார்.

தங்கச்சி, அவசரமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். சேர்த்துக் கொடுக்காதீர்கள். மாத்திரை போடுகிற இரவில் அந்தக் கஷாயம் வேண்டவே வேண்டாம். அதில் என்ன மூலிகை என்பது அப்புறம். அதில் இருக்கும் தண்ணீர்தான் முதல் பிரச்சினை. இதைக் கீழே விளக்கமாகச் சொல்கிறேன்.

நான் அரசாங்க மருந்தகத்திலும் பிறகு சொந்தக் கடையிலுமாக மருந்து எடுத்துக் கொடுத்தே முடி நரைத்தவன். அதற்கு முன்னால், இதே ஊருக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பத்து வயது வரை படுக்கையை நனைத்தவன். கோணிச் சாக்கு, அதன்மேல் பாய், அதன்மேல் பழைய சேலை, இதுதான் என் படுக்கை. விடியுமுன் பெரட்டுக்குக் கிளம்பும் அவசரத்திலும் அம்மா அந்தச் சேலையை அலசி வேலியில் போட்டுவிட்டுத்தான் போவார். வேலியைப் பார்த்தால் போதும், முந்தின இரவு என்ன நடந்தது என்று லயத்துக்கே தெரிந்துவிடும்.

பாட்டி எனக்குச் செய்யாத வைத்தியம் இல்லை. பக்கத்து கம்போங்கில் ஒரு மக்சிக் சொன்னாரென்று தட்டானைப் பிடித்து வந்து என் தொப்புளைக் கடிக்க விட்டார்கள். மலாய்க்காரர்களிடம் அது பழைய வைத்தியம். எனக்கு வலித்ததுதான் மிச்சம், அன்று இரவும் பாய் நனைந்தது. அப்புறம் எள்ளுருண்டை. பத்து வயதில் ஒரு மாதம் எப்படியோ நின்றுவிட்டது. அப்போது கையில் இருந்தது எள்ளுருண்டை, ஆகவே பேரெல்லாம் எள்ளுருண்டைக்கே போனது. மேல் லயத்திலிருந்தும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாட்டியைத் தேடி வந்தார்கள். அதே உருண்டையை மூன்று வருடமாக நான் தின்றுகொண்டிருந்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. நானும்தான், மருந்தியல் படித்த பிறகுதான் அது உறைத்தது.

எந்த மருந்தையும் எடைபோடுமுன் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். படுக்கை நனைப்பது பெரும்பாலும் தானாகவே நிற்கிற ஒன்று. 5 வயதில் நூற்றுக்கு ஏறக்குறைய 15 பிள்ளைகளுக்கு இருக்கிறது, 10 வயதில் 5 பேருக்கு, 15 வயதில் ஒன்றிரண்டு பேருக்கு. நனைக்கும் பிள்ளைகள் நூறு பேரை எடுத்துக்கொண்டால், யாரும் எதுவும் செய்யாமலே வருடத்துக்கு சுமார் 15 பேருக்கு நின்றுவிடுகிறது. அந்த 15 பேர் வீட்டிலும் அந்த மாதம் ஏதாவது ஒரு மருந்து இருந்திருக்கும் அல்லவா? நாவல்கொட்டைப் பொடி, சின்சே உருண்டை, கோயில் கயிறு, கிளினிக் மாத்திரை, எது இருந்ததோ அதற்குப் பேர். "எங்கள் அண்ணன் மகனுக்கு இதில்தான் நின்றது" என்று யாராவது சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது ஆதாரமும் இல்லை. மருந்து வாங்கிய பிள்ளைகளையும் வாங்காத பிள்ளைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் மருந்தின் வேலை எது, வயதின் வேலை எது என்று தெரியும்.

இன்னொன்று, உங்கள் பிள்ளை தனி ஆள் இல்லை. 7 முதல் 12 வயது வரையுள்ள மலேசியப் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி 2003-இல் வெளியான ஓர் ஆய்வு, சுமார் 8 விழுக்காட்டினருக்கு இது இருப்பதாகச் சொன்னது. முப்பது பேர் வகுப்பில் இரண்டு பேர். இருவரும் தான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு பக்கத்துப் பக்கத்து நாற்காலியில்கூட உட்கார்ந்திருக்கலாம். ஆண் பிள்ளைகளுக்கு அதிகம். பரம்பரையும் உண்டு. தாய் தகப்பன் இருவருக்கும் சிறுவயதில் இருந்திருந்தால் நூற்றுக்கு 77 பிள்ளைகளுக்கும், ஒருவருக்கு இருந்திருந்தால் 44 பிள்ளைகளுக்கும், இருவருக்கும் இல்லையென்றால் 15 பிள்ளைகளுக்கும் வருவதாக ஒரு பழைய கணக்கு இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரரைக் கேட்டால் மழுப்புவார். மாமியாரைக் கேளுங்கள், அவருக்கு ஞாபகம் இருக்கும். அந்தப் பேச்சு வீட்டில் வந்துவிட்டால் பாதிச் சண்டை அடங்கிவிடும் என்பது என் அனுபவம்.

சரி, ஏன் நனைக்கிறான்? சோம்பலோ திமிரோ இல்லை. இரவில் மூளை ஒரு ஹார்மோனைக் கூடுதலாகச் சுரந்து சிறுநீரகத்திடம் "மெதுவாகப் போ" என்று சொல்ல வேண்டும். சில பிள்ளைகளுக்கு அந்தக் கட்டளை போதவில்லை, பகலைப் போலவே இரவிலும் சிறுநீர் சேர்கிறது. வேறு சில பிள்ளைகளுக்குச் சிறுநீர்ப்பை சிறியது, அல்லது நிறைவதற்கு முன்பே இறுக்குகிறது. மூன்றாவது, நிறைந்துவிட்டது என்ற சேதி போனாலும் பிள்ளைக்கு முழிப்பு வராது. இந்த மூன்றும் ஆளுக்கு ஆள் வேறு அளவில் கலந்திருக்கும். ஒரு பிள்ளைக்குக் கேட்ட மருந்து இன்னொரு பிள்ளைக்குக் கேட்காததற்கு இதுவே காரணம்.

டெஸ்மோபிரசின் முதல் குறையைச் சரிக்கட்டும் மருந்து. மூளை சுரக்கும் அந்த ஹார்மோனின் நகல். நூறு பிள்ளைகளுக்குக் கொடுத்தால் சுமார் 30 பேர் முழுக்க நனைக்காமல் எழுவார்கள், 40 பேருக்கு ஓரளவு குறையும், மீதிப் பேருக்கு ஒன்றும் ஆகாது. கேட்கிற பிள்ளைக்கு முதல் ஒன்றிரண்டு வாரத்திலேயே தெரிந்துவிடும். சீக்கிரம் வேலை செய்யும் மருந்து இது. ஆனால் இது குணப்படுத்தும் மருந்து இல்லை, அந்த ஓர் இரவுக்கு முட்டுக் கொடுக்கும் மருந்து. நிறுத்தினால் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத் திரும்ப வருகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு வாரம் நிறுத்திப் பார்ப்பதும், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து விடுவதும் இதனால்தான்.

இப்போது தண்ணீர் விஷயம். இந்த மாத்திரை சிறுநீரகத்தின் வாசலை இரவு முழுவதும் ஒருக்களித்து வைக்கிறது. அந்த நேரத்தில் உள்ளே போகும் தண்ணீர் வெளியே வராது, ரத்தத்திலேயே தங்கும். அளவுக்கு மீறினால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துவிடும். முதலில் தலைவலி, குமட்டல், வாந்தி, பிறகு குழப்பம், மோசமானால் வலிப்பு. 2007-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, மூக்கில் அடிக்கும் டெஸ்மோபிரசின் ஸ்பிரேயைப் படுக்கை நனைக்கும் பிள்ளைகளுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று சொன்னது இப்படிப்பட்ட வலிப்புகளால்தான். மாத்திரையில் இந்த ஆபத்து குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. ஆகவே மாத்திரை போடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பிலிருந்து, போட்ட பின் எட்டு மணி நேரம் வரை பானம் எதுவும் கிடையாது. மாத்திரை விழுங்க ஒரு மடக்குத் தண்ணீர், அவ்வளவுதான்.

இனி உங்கள் வீட்டு இரவைப் பாருங்கள். ஒன்பது வயதுப் பிள்ளையின் சிறுநீர்ப்பை எவ்வளவு கொள்ளும் என்று மருத்துவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். வயதோடு ஒன்றைக் கூட்டி முப்பதால் பெருக்க வேண்டும். உங்கள் மகனுக்கு 300 மில்லி. மாமியார் கொடுக்கும் கஷாயம் ஒரு டம்ளர் என்றால் கிட்டத்தட்ட 200 மில்லி. அதற்குமுன் படிக்கும்போது ஒரு கப் மைலோ குடித்திருப்பான். மாத்திரை இல்லாத இரவில் அந்தக் கஷாயமே படுக்கையை நனைக்கப் போதும். மாத்திரை போட்ட இரவிலோ அந்தத் தண்ணீருக்குப் போக இடமில்லை. ஒரே ஒரு டம்ளரால் எல்லாப் பிள்ளைக்கும் வலிப்பு வந்துவிடும் என்று பயமுறுத்தவில்லை. மைலோ, கஷாயம், நடுராத்திரி எழுந்து குடிக்கும் தண்ணீர் என்று ஒன்றன்மேல் ஒன்று சேரும்போதுதான் கதை மாறுகிறது. காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு இருக்கும் நாளில் மாத்திரை வேண்டாம், ஏனென்றால் அன்றைக்குப் பிள்ளை தண்ணீர் குடித்தே ஆகவேண்டும். சாயங்காலம் திடலில் பந்து விளையாடிவிட்டு வந்து போத்தல் போத்தலாகக் குடித்த நாளிலும் அப்படியே. காய்ச்சலுக்கு வீட்டில் இபுபுரோஃபென் வைத்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அதுவும் இதுவும் சேர்வது நல்லதில்லை.

இதைப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் அச்சடித்துத்தான் வைத்திருக்கிறார்கள். தாள் இங்கிலீஷிலும் மலாயிலும் இருக்கும், பிள்ளைக்கு மருந்து கொடுப்பது தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த பாட்டி. நான் கவுண்டரில் நின்ற காலத்தில் தாயிடம் மட்டும் சொல்லி அனுப்பி, இரவில் கொடுக்கப்போவது யார் என்று கேட்காமல் விட்டதுண்டு. ஒரு முறை அப்படி விட்டதில் ஒரு பிள்ளை வாந்தி எடுத்துத் திரும்பி வந்தான், நல்லவேளை அதோடு போயிற்று. அதிலிருந்து "ராத்திரி யார் கொடுப்பீங்க?" என்பதுதான் என் முதல் கேள்வி.

பழைய மருந்து இன்னொன்று உண்டு, இமிப்ரமின். மனச்சோர்வுக்கு வந்த மாத்திரை, 1960 வாக்கில் இதற்கும் கேட்கிறது என்று கண்டுபிடித்தார்கள். கேட்கும், ஆனால் நிறுத்தினால் திரும்பும். அளவு கூடினால் இதயத் துடிப்பையே குலைத்துவிடும். வீட்டில் இருக்கும் மூன்று வயதுத் தம்பி மிட்டாய் என்று எடுத்து விழுங்கினால் உயிருக்கு ஆபத்து. வேறு எதுவும் பலிக்காதபோது நிபுணர் மட்டுமே யோசிக்க வேண்டிய மருந்து அது. எந்த உறவினர் வீட்டிலாவது மீந்த மாத்திரை இருக்கிறது என்றால் வாங்காதீர்கள்.

இனி மாமியாரின் பக்கம். நாட்டு மருந்தை நான் இளக்காரமாகப் பேசுகிறவன் இல்லை. ஆனால் மாத்திரையிடம் கேட்ட அதே கேள்வியைப் பொடியிடமும் கேட்க வேண்டும். கொடுத்த பிள்ளைகளுக்கும் கொடுக்காத பிள்ளைகளுக்கும் வித்தியாசம் இருந்ததா? உலகம் முழுவதும் நடந்த மாற்று வைத்தியச் சோதனைகளைத் திரட்டி காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுக் கூட்டமைப்பு 2011-இல் பரிசீலித்தது. மூலிகை, அக்குபங்சர், மனோவசியம் என்று எல்லாம் அதில் இருந்தன. சிலவற்றில் பலன் தெரிந்தது, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு சின்னச் சோதனைதான் ஆதாரம், அவற்றில் சில நடத்திய விதமும் சரியில்லை என்று முடித்தார்கள். அதாவது மூலிகை பலிக்காது என்று நிரூபணம் ஆகவில்லை. பலிக்கும் என்று சொல்லவும் ஆள் போதவில்லை. மாத்திரைக்கு அந்தச் சோதனை திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது, வித்தியாசம் அங்கேதான்.

பொத்தாம்பொதுவாக மூலிகை என்று பேசுவதிலும் அர்த்தமில்லை, என்ன மூலிகை என்று பார்க்க வேண்டும். எள்ளும் வெல்லமும் சாப்பாடு. எள்ளு ஒவ்வாமை இல்லாத பிள்ளைக்கு ஒரு கெடுதலும் இல்லை. படுக்கும்போது ஒரு கரண்டித் தேன் கொடுப்பார்கள், தேன் தண்ணீரைப் பிடித்து வைக்கும் என்று. சிறுநீர்ப்பை வரை போய்ப் பிடித்து வைப்பதற்குத் தேனுக்கு வழியில்லை, ஆனாலும் ஒரு கரண்டியால் ஒன்றும் ஆகாது, பல்லைத் துலக்கிவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள். நாவல்கொட்டைப் பொடியில் எனக்கிருக்கும் பயம் வேறு. அடிக்கடி சிறுநீர் போகிற பிள்ளைக்கு அதைக் கொடுத்துக்கொண்டே இருந்து, உண்மையில் அது பிள்ளைகளுக்கு வரும் சர்க்கரை நோய் என்று தெரியாமல் நாளைக் கடத்திவிடுவார்கள். பிள்ளைகளின் சர்க்கரை நோய் சில நாட்களிலேயே மோசமாகக்கூடியது.

வசம்பை உரசி தினமும் கொடுக்கும் வீடுகள் உண்டு. அதில் அசரோன் என்ற பொருள் இருக்கிறது. எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதால் 1968-இலேயே அமெரிக்கா அதை உணவில் சேர்க்கத் தடை செய்தது. அதிமதுரம் இருமலுக்கு நாலு நாள் சரி. மாதக்கணக்கில் கொடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் குறையும், ரத்த அழுத்தம் ஏறும். வேடிக்கை என்னவென்றால் சிலர் நெருஞ்சில் கஷாயமும், நம் ஊர் பாசார் மாலாமில் விற்கும் மீசை கூச்சிங் எனும் பூனைமீசை மூலிகைத் தேநீரும் கொடுக்கிறார்கள். "சிறுநீரகத்துக்கு நல்லது" என்று பெட்டியில் போட்டிருக்கும், உண்மைதான், இரண்டும் சிறுநீரைப் பெருக்குவதற்கென்றே குடிப்பவை! படுக்கை நனைக்கும் பிள்ளைக்கு இரவில் அதைக் கொடுப்பது ஓடுகிற குழாயை இன்னும் திறந்துவிடுவது.

சின்சே கடையில் பெரும்பாலும் கொடுப்பது சுவோ சுவான் வான் என்ற பழைய உருண்டை. ஊற்றைச் சுருக்கும் உருண்டை என்று பெயருக்கு அர்த்தம். ஏலக்காய்க் குடும்பத்து விதை ஒன்று, ஒரு வேர், ஒரு கிழங்கு, மூன்றும் சேர்ந்தது. சில சின்சேக்கள் தயிர்க்கடைப் பூச்சியின் முட்டைக்கூட்டையும் சேர்ப்பார்கள். அந்த உருண்டை பெரிய கெடுதல் செய்து நான் பார்த்ததில்லை. பலிக்கிறது என்று சொல்லவும் நல்ல சோதனை கையில் இல்லை. ஆனால் மா ஹுவாங் என்ற சீன மூலிகை கலந்திருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். அதில் எபெட்ரின் இருக்கிறது. சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கும், அதோடு இதயத்தையும் முடுக்கும். இறுக்குகிறதே, நல்லதுதானே என்று நினைக்கக் கூடாது.

எல்லாவற்றிலும் நான் கறாராக மறுப்பது உலோகமும் தாதுவும் புடம்போட்டுச் செய்யும் பற்பமும் செந்தூரமும், பெயர் தெரியாத பொட்டலப் பொடியும். 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில் 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ஈயம் பிள்ளையின் மூளைக்குக் கெடுதல். போதாததற்கு மலச்சிக்கலையும் உண்டாக்கும். மலச்சிக்கல் படுக்கையை நனைக்க வைக்கும். பெட்டியில் எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கி டி (T) என்று முடியும் எண் இருக்கிறதா என்று பாருங்கள். சுகாதார அமைச்சில் பதிவான பாரம்பரிய மருந்து என்பதற்கு அது அடையாளம். அந்த எண் தரத்துக்கும் பாதுகாப்புக்கும் சாட்சி. நோய் தீரும் என்பதற்குச் சாட்சி இல்லை. மாமியார் வாங்கும் பொட்டலத்தில் அந்த எண்ணும் இருக்காது, என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற விவரமும் இருக்காது. கடைக்காரரிடம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் வாங்க வேண்டாம்.

மலச்சிக்கல் என்றேனே, உங்கள் கேள்வியில் இல்லாத அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மகன் தினமும் வெளிக்குப் போகிறானா? ஆட்டுப்புழுக்கை மாதிரிப் போகிறானா? நிறைந்த குடல் சிறுநீர்ப்பையை முன்பக்கம் தள்ளி நெருக்கும். பைக்கு இடமும் குறையும், இறுக்கமும் வரும். மலச்சிக்கலோடு படுக்கையும் நனைக்கும் பிள்ளைகளுக்கு மலச்சிக்கலை மட்டும் சரி செய்ததில், பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் படுக்கை நனைவதும் நின்றது என்று 1997-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. நம் பிள்ளைகள் பள்ளிக் கழிவறை நாறுகிறது என்று காலையிலிருந்து அடக்கிக்கொண்டு வருகிறார்கள். அங்கே போக வேண்டியிருக்குமே என்று தண்ணீரும் குடிப்பதில்லை. வீட்டுக்கு வந்து சாயங்காலத்தில் ஒரு நாளின் தண்ணீரை மொத்தமாகக் குடிக்கிறார்கள். இரவு என்ன ஆகும்?

பழைய பாட்டிகள் கடுக்காயும் அகத்திக்கீரையும் கொடுத்துச் சில பிள்ளைகளுக்கு நின்றிருக்கிறது என்றால், அது பலித்தது சிறுநீர்ப்பையில் இல்லை, குடலில் என்றுதான் நினைக்கிறேன். இது என் ஊகம்தான். அதற்காக வீட்டிலேயே பேதி கொடுக்க வேண்டாம். பப்பாளி, கொய்யா, கீரை, காலையில் சாப்பிட்டவுடன் பத்து நிமிடம் கால் தரையில் பதிய உட்கார வைப்பது. கேட்காவிட்டால் கிளினிக்கில் மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் மருந்து. தண்ணீரையும் திருப்பிப் போடுங்கள். ஒரு நாளில் குடிப்பதை ஐந்து பங்காக்கினால் பகல் ஒரு மணிக்குள் இரண்டு பங்கு, ஐந்து மணிக்குள் இன்னும் இரண்டு பங்கு, அதன்பின் ஒரே ஒரு பங்கு. இரவு தே, கோப்பி, சோடா வேண்டாம். வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், கேட்டதும் கழிவறைக்கு விடுவார். ஒரு மாதம் இதைச் செய்து, நோட்டில் நனைந்த இரவையும் நனையாத இரவையும் குறித்துக்கொண்டே வந்தால், மருந்து வேண்டுமா என்பதே வேறு கேள்வியாகிவிடலாம்.

நின்ற பிறகு திரும்பாமல் இருப்பதில் முன்னால் நிற்பது மூலிகையும் இல்லை, மாத்திரையும் இல்லை, மணி. உள்ளாடையில் ஒரு சின்னக் கருவி, ஒரு சொட்டு ஈரம் பட்டதும் அலறும். 1904-இல் பௌண்ட்லர் என்ற குழந்தை மருத்துவர், பிள்ளை நனைத்ததும் தாதிகளுக்குத் தெரியட்டும் என்று இப்படி ஒரு மணியைக் கட்டினார். மணி அடிக்க அடிக்க நனைப்பதே குறைந்து போனதைத் தற்செயலாகக் கவனித்தார். இன்றைக்கும் அதே தத்துவம்தான். மூன்றில் இரண்டு பிள்ளைகளுக்கு மணியோடு இருக்கும்போது நிற்கிறது, அதை எடுத்த பிறகும் ஏறக்குறைய பாதிப் பிள்ளைகளுக்கு நின்றபடியே இருக்கிறது. ஆனால் இரண்டு மூன்று மாதம் பிடிக்கும், தினமும் இரவு எழ வேண்டும். முதல் வாரங்களில் மணி அடித்தால் பிள்ளையைத் தவிர எல்லாரும் எழுந்துவிடுவார்கள். நீங்கள்தான் போய் அவனை எழுப்பி, முழு நினைவோடு கழிவறைக்கு நடக்க வைக்க வேண்டும். ஒரே அறையில் நாலு பேர் படுக்கும் வீட்டில், தகப்பன் இரவு ஷிப்டு முடிந்து வந்து தூங்கும் வீட்டில், இது லேசில்லை. அதனால்தான் பலர் மாத்திரைக்குப் போகிறார்கள், அதைத் தப்பென்று நான் சொல்லமாட்டேன். இணையத்தில் மணி கிடைக்கிறது. பன்னிரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் தூக்கிக்கொண்டு போய் உட்கார வைப்பது பாயைக் காப்பாற்றும், பிள்ளைக்கு எதையும் கற்றுத்தராது.

எந்த மருந்துக்கும் முன்னால் டாக்டரிடம் போக வேண்டிய பிள்ளைகளும் உண்டு. ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்துவிட்டுத் திடீரென்று மறுபடி தொடங்கியவன். பகலிலும் சொட்டுகிறவன், எரிகிறது என்கிறவன், காய்ச்சல் இருக்கிறவன். ஓயாமல் தண்ணீர் குடித்து உடல் மெலிகிறவன். இவனை அன்றைக்கே கூட்டிப் போங்கள். வாயைத் திறந்து குறட்டை விடுகிறவனுக்கு மூக்கின் பின்னால் சதை அடைத்திருக்கலாம், அதைச் சரி செய்தால் சில பிள்ளைகளுக்கு இதுவும் சரியாகிறது. நடையில் கோளாறு, முதுகுத்தண்டின் அடியில் குழியோ முடிக்கற்றையோ இருந்தாலும் காட்டுங்கள். அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளி, ஒரு சிறுநீர்ச் சோதனை, பெரும்பாலும் அதிலேயே விளங்கிவிடும். அடித்தாலோ, சூடு வைப்பேன் என்று மிரட்டினாலோ நிற்காது. தூங்குகிற பிள்ளை உங்கள் மிரட்டலைக் கேட்டுக்கொண்டிருப்பதில்லை.

முகாமுக்கு வருவோம். அங்கே மாத்திரைதான், யோசிக்க வேண்டியதில்லை. மூன்று இரவு நனையாமல் இருக்க வேண்டும் என்பதற்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது. ஆனால் முகாம் அன்றுதான் முதல் மாத்திரை என்று வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு வாரம் முன்பே தொடங்கி, கேட்கிறதா, அளவு போதுமா என்று டாக்டரோடு சேர்ந்து பார்த்துவிடுங்கள். முகாமில் ஓடியாடி வியர்த்துவிட்டு இரவு பஜனை முடிந்ததும் சிராப் தண்ணீர் கொடுப்பார்கள். மாத்திரை போடும் பிள்ளைக்கு அது கூடாது என்பதைப் பொறுப்பாசிரியர் ஒருவரிடம் தனியாகச் சொல்லி, மாத்திரையையும் அவரிடமே கொடுத்து வையுங்கள். பையில் ஓர் உபரிக் கால்சட்டையும் ஒரு பிளாஸ்டிக் பையும் மறக்க வேண்டாம்.

மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள். கஷாயத்தை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள், எள்ளுருண்டையை விட்டுவிடுங்கள். அதைப் படுக்கும்போது கொடுக்காமல், பள்ளி விட்டு வந்ததும் சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீரோடு கொடுக்கச் சொன்னால் போதும். மகனுக்கு நின்ற பிறகு பேர் அந்த உருண்டைக்கே போகட்டும்.